அடிச்சா வலிக்காத தரை

அம்மா ஊருக்குத் திரும்பிப் போய் ரெண்டு மாசம் ஆகப்போகுது. அவங்க இங்க சிங்கப்பூர்ல எங்ககூட இருந்தப்ப நடந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் இன்னும் செரிக்காம நெஞ்சுக்குள்ளயே நிக்குது. சண்டை கிண்டைன்னு எதுவும் இல்ல, யாருக்கும் பெருசா அடியும் படல. பிள்ளைங்கள வெளையாடக் கூட்டிட்டுப் போனோம், வந்தோம், அவ்வளவுதான். இதெல்லாம் எழுதணுமான்னு ரெண்டு மூணு தடவ யோசிச்சு விட்டுட்டேன். ஆனா நேத்து ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கும்போது கூட அதே காட்சி வந்து நின்னுச்சு, அம்மாவோட கை பாதியில நின்ன அந்தக் காட்சி, சரி எழுதித் தொலைச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

டிசம்பர் மாசம். இங்க இருக்கிறவங்களுக்கு அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. ஸ்கூல் லீவு, நாள் பூரா மழை, நாலு ரூம் வீடு, உள்ள ரெண்டு பிள்ளைங்க. பெரியவளுக்கு 6 வயசு, சின்னவனுக்கு மூணரை. காலைல எந்திரிச்சதுல இருந்து என் வாயில வர்றது மூணே வார்த்தைதான். ஓடாத, குதிக்காத, கீழ் வீட்டு ஆண்ட்டி வந்துருவாங்க. கீழ் வீட்டு ஆண்ட்டி உண்மையில ஒரே ஒரு தடவதான் வந்திருக்காங்க. சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம், கையில ஒரு டப்பா பைனாப்பிள் டார்ட்டோட வந்து, சிரிச்சுக்கிட்டே "யுவர் பாய் வெரி ஆக்டிவ் ஆ"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போனாங்க. திட்டியிருந்தா கூட பதிலுக்கு ஏதாச்சும் சொல்லியிருக்கலாம், டார்ட்டக் கையில குடுத்துட்டுச் சொன்னா என்ன பண்றது? அன்னைல இருந்து எங்க வீட்ல குதிக்கிறது கொலக்குத்தம்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்ல. "நம்ம வீட்டுக்குள்ள நம்ம புள்ள ஓடுனா அடுத்தவங்களுக்கு என்னடா?"ன்னு கேட்டாங்க. நம்ம தரைதாம்மா அவங்களுக்கு மேல்தளம்னு சொன்னேன். மன்னார்குடிப் பக்கத்துல எங்க வீடு ஓட்டு வீடு, திண்ணை, முத்தம், கொல்லைன்னு நீளமா போகும், தரைக்குக் கீழ மண்ணுதான். அம்மா கொஞ்ச நேரம் தரையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "அப்ப நாம யாரு தலை மேலயோ நடந்துக்கிட்டு இருக்கமா?"ன்னாங்க. அதுக்கப்புறம் ஊருக்குப் போற வரைக்கும் எங்க வீட்டுக்குள்ள பூனை மாதிரிதான் நடந்தாங்க, நான் எவ்வளவு சொல்லியும் கேக்கல.

மூணு மூட்ட நெல்லு

அந்த இண்டோர் பிளேகிரவுண்ட கண்டுபிடிச்சது என் மனைவி. பேரங்காடியோட மேல் மாடியில இருக்கு, மழை பெஞ்சாலும் புகைமூட்டம் வந்தாலும் கவலை இல்ல. எனக்கு இந்த இடங்க மேல ஆரம்பத்துல இருந்தே ஒரு எரிச்சல். பிள்ளை ஓடுறதுக்கும் குதிக்கிறதுக்கும் மணிக்கணக்குல காசு வாங்குறான்னா அந்த ஊர்ல ஏதோ தப்பா இருக்குன்னு நெனைக்கிற ஆளு நான். பிள்ளைக்கு 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலரத்தான் இங்க வெள்ளிம்போம்), ரெண்டு மணி நேரம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவங்க ஃப்ரீ. மூணாவது பெரியவங்களுக்கு, அதாவது எங்கம்மாவுக்கு, 8 வெள்ளி. அடியில ரப்பர் புள்ளி புள்ளியா வச்ச சாக்ஸ் கட்டாயம் போடணும், வீட்ல நாலஞ்சு ஜோடி கிடக்கு, எடுத்துட்டு வர மறந்துட்டோம் (ஒவ்வொரு தடவையும் மறப்போம், அந்தத் தொழிலே இந்த மறதியிலதான் ஓடுதுன்னு நெனைக்கிறேன்), ஜோடி 3 வெள்ளின்னு அஞ்சு ஜோடி. மொத்தம் 83 வெள்ளி. நான் கார்டத் தட்டும்போது அம்மா பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தாங்க. நம்ம காசுக்கு எவ்வளவுடான்னாங்க. அஞ்சாயிரத்துக்கு மேலம்மான்னு சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

"மூணு மூட்ட நெல்லு. குதிக்கிறதுக்கா?"

மனைவி அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சா. அவளுக்கு நானும் அம்மாவும் ஒரே அச்சுதான்.

அடுத்த பிரச்சினை சாக்ஸ். அம்மா வாழ்க்கையில சாக்ஸ் போட்டதே கிடையாது. கவுண்டர்ல இருந்த மலாய்ப் பொண்ணு, இருபது வயசு இருக்கும், ரொம்பப் பொறுமையா "ஆண்ட்டி, சாக்ஸ் மஸ்ட் வேர் லா"ன்னு சொல்லி நாற்காலி எல்லாம் எடுத்துப் போட்டுச்சு. "கோயில்ல கால்ல இருக்கிறதக் கழட்டிட்டு வாங்கங்கிறான், இங்க மாட்டிக்கிட்டு வாங்கங்கிறான்"னு முணுமுணுத்துக்கிட்டே அம்மா உக்காந்தாங்க. ஆனா மெட்டி. ரெண்டு கால்லயும் ரெண்டாவது வெரல்ல கனமான பழைய மெட்டி, நாப்பது வருசமா வெரல்லயே கெடந்து பள்ளம் விழுந்து போயிருக்கும். சாக்ஸ் அந்த இடத்துல போய் மாட்டிக்குது, இழுத்தா நூல் பிரியுது. கழட்டி வச்சுடும்மான்னு சொன்னதுக்கு ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, ஊர்ல அப்பா நல்லா இருக்கும்போது இதென்ன பேச்சுங்கிற பார்வை. கடைசியில என் மனைவி கீழ உக்காந்து, ஒரு வெரலால மெட்டிய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சாக்ஸ மெதுவா ஏத்திவிட்டா. வெரல் இருக்கிற எடத்துல ரெண்டு பக்கமும் குமிழ் மாதிரி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. "ஆச்சு அத்தை"ன்னா. அம்மா கால நீட்டி ஆட்டிப் பாத்துக்கிட்டாங்க.

ஊறுகா ஜாடி

உள்ள எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். மூணு அடுக்குக்கு வலை கட்டின கூண்டு, அதுக்குள்ள ஏணி, சுரங்கம், தொங்குற மூட்டைங்க, உருளைங்க, எதத் தொட்டாலும் உள்ள ஸ்பான்ஜு, மேல வினைல். ஒரு பக்கம் பந்துக்குளம். டெட்டால், பொரிச்ச உருளைக்கிழங்கு, ஈர சாக்ஸ், மூணும் கலந்த ஒரு வாசன, எந்த சென்டருக்குப் போனாலும் அதே வாசனதான். முப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல கத்துற சத்தத்துல நம்ம பேரு சொல்லி யாரு கூப்பிட்டாலும் கேக்காது.

இந்தப் பந்துக்குளத்தப் பத்தி ஒருநாள் தேடிப் படிச்சேன். எரிக் மெக்மில்லன்னு ஒரு வடிவமைப்பாளர். 1972ல கனடாவுல, டொராண்டோவுல, பிள்ளைங்களுக்குன்னு ஒரு வெளையாட்டு கிராமத்தையே போட்டவரு. மெத்தை, வலை, கயிறுன்னு இன்னைக்கு நாம பாக்குற சாஃப்ட் பிளேக்கு அவர்தான் தகப்பன்னு சொல்றாங்க. அப்புறம் 1976ல அமெரிக்காவுல சான் டியாகோ சீவேர்ல்டுல மொத மொதல்ல பந்துகளக் கொட்டி பிள்ளைங்கள உள்ள இறக்கி விட்டிருக்காங்க. அவருக்கு அந்த யோசனை எங்க இருந்து வந்துச்சுன்னா, சமையக்கட்டுல இருந்த வெங்காய ஊறுகா ஜாடியப் பாத்தாராம், இதுக்குள்ள நாம இறங்கி நீந்துனா எப்படி இருக்கும்னு தோணுச்சாம். இத அம்மாகிட்ட அங்க வச்சே சொன்னேன். அவங்க பந்துக்குளத்த ஒரு தடவ பாத்துட்டு, "ஊறுகாயா இருந்தா இந்நேரம் பூஞ்சை பூத்திருக்கும், இத்தன புள்ளைங்க காலு படுது"ன்னாங்க.

அது என் மனைவியோட பயமும் கூட. எச்எஃப்எம்டி, கை கால் வாய்ப்புண். இங்க சைல்ட்கேர்ல பிள்ளை வச்சிருக்கிற யாருக்கும் அந்த நாலு எழுத்தக் கேட்டாலே வயித்தக் கலக்கும். 2000ல அது பரவி, பாலர் பள்ளிங்களையே கொஞ்ச நாள் மூடி வச்சாங்க. அவ பையில எப்பவும் சோப்புத் தண்ணி பாட்டில் இருக்கும், ஆல்கஹால் ஜெல்லு இந்தக் கிருமிக்குச் சரியா வேலை செய்யாது, சோப்புப் போட்டுக் கழுவுறதுதான் நல்லதுன்னு அவளுக்கு எப்பவோ தெரியும். இப்படி ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்தா அடுத்த ஒரு வாரம் பிள்ளைங்க உள்ளங்கையத் திருப்பித் திருப்பிப் பாப்பா. ஆனாலும் போகணும்னு சொல்றது அவதான், அது வேற கதை.

அவ இங்கயே தோ பாயோங்கிற பழைய குடியிருப்புப் பேட்டையில வளந்தவ. அந்த டிராகன் பிளேகிரவுண்ட் இருக்குல்ல, 1979ல கோர் இயன் கீ வடிவமைச்சது, ஓடு பதிச்ச பெரிய தலை, கீழ மணல், அது அவ வெளையாடுன எடம். நான் ஒருநாள் வழக்கம்போல, அந்தக் காலத்துல பாரு எப்படி மணல்ல வெளையாடிருக்கீங்க, இப்ப எல்லா எடத்துலயும் ரப்பர் பாயப் போட்டுட்டான், கீழ விழுறதுன்னா என்னன்னே இந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியாதுன்னு ஆரம்பிச்சேன். "அந்த மணல்ல பூனை போயிருக்கும், நாங்க கைய விட்டு நோண்டுவோம், உங்களுக்கு என்ன தெரியும், சும்மா இருங்க"ன்னா. அங்க வளராதவனுக்குத்தான் அந்த மணல் மேல ஏக்கம் வரும் போல.

ஒரு விஷயம் மட்டும் ஒத்துக்கணும். உள்ள போய் அரை மணி நேரம் ஆனப்பதான் கவனிச்சேன், நான் ஒரு தடவ கூட "பாத்து"ன்னு சொல்லல. வீட்ல, லிஃப்டுல, எம்ஆர்டி ரயில்ல, எஸ்கலேட்டர்ல, ரோட்டோரத்துல, ஒரு நாளைக்கு எத்தன "பாத்து" சொல்றோம்? பாத்துப் போ, பாத்து ஏறு, பாத்துப் பாத்து. எங்க பெரியவ பயந்த சுபாவம், ஏணியில மூணாவது படிக்கு மேல ஏற மாட்டா. அன்னைக்கு அந்தக் கூண்டுல மூணாவது அடுக்குல நின்னுக்கிட்டு வலைக்குள்ள இருந்து மூக்க நீட்டி "அப்பா!"ன்னா. நான் கையக் காட்டுனதோட சரி. 83 வெள்ளியில பாதி அவங்க குதிக்கிறதுக்குன்னா, மீதி என் வாய அடைக்கிறதுக்குன்னு தோணுச்சு. அப்படிப் பாத்தா அது ஒண்ணும் அநியாய வெலை இல்ல.

எனக்கும் ஒரு தடவ குட்டு விழுந்துச்சு. சின்னவன மடியில வச்சுக்கிட்டு பெரிய சறுக்குல எறங்கலாம்னு மேல ஏறி உக்காந்தேன். ஒரு பையன் விசில் ஊதிட்டு ஓடி வந்து, மடியில வச்சு எறங்கக் கூடாது, தனித்தனியாத்தான்னான். எனக்குக் கோவம், நான் பிடிச்சுக்கிட்டா இன்னும் பத்திரம்தானன்னு. அப்புறம் படிச்சப்பதான் தெரிஞ்சுது, பிள்ளை தனியா சறுக்கி கால் மாட்டுனா அதோட நின்னுரும், அதோட எடை கம்மி. நம்ம மடியில இருக்கும்போது கால் ஓரத்துல மாட்டுனா நம்ம மொத்த எடையும் பின்னாடி இருந்து தள்ளும், முழங்காலுக்குக் கீழ எலும்பு விரிசல் விடும். காப்பாத்துறேன்னு பிடிச்சவன் எடையாலயே பிள்ளைக்கு அடி. அந்தப் பையன்கிட்ட அன்னைக்கு ஒரு சாரி கூட சொல்லல.

சரிப்பா

இப்ப அம்மாவோட பழக்கத்தச் சொல்லணும். சொல்ல என்ன இருக்கு, உங்க வீட்டுப் பாட்டியும் பண்ணியிருப்பாங்க. பிள்ளை விழுந்தா ஓடிப் போய்த் தூக்குறதுக்கு முன்னாடி தரைய நாலு சாத்து சாத்துவாங்க. "எங்க ராசாவ அடிச்சியா? அடிச்சியா? இந்தா வாங்கிக்க." இங்க வந்த மூணு வாரத்துல தரை, டைனிங் டேபிள், பாத்ரூம் கதவுன்னு எல்லாம் வாங்கியிருக்கு, ஃப்ரிட்ஜு ரெண்டு தடவ. சின்னவனுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. லேசா இடிச்சுக்கிட்டாலும் அழாம நேரா பாட்டிகிட்டப் போய், எது இடிச்சுதுன்னு கையக் காட்டிப் புகார் குடுப்பான்.

அந்த ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் அம்மாகிட்டப் பேசுனேன். யூட்யூப்ல பிள்ளை வளப்பு வீடியோ ரெண்டு மூணு பாத்து மண்டையில ஏத்தி வச்சிருந்தேன். தரைய அடிச்சுக் காமிக்காதம்மா, நாம பாக்காமப் போய் விழுந்துட்டு தரை மேல பழி போடச் சொல்லிக் குடுக்குற மாதிரி ஆயிடும், அப்புறம் பெருசானாலும் எது நடந்தாலும் அடுத்தவன்தான் காரணம்பான், அப்படி இப்படின்னு. நல்லாத்தான் சொன்னேன், கொரலெல்லாம் ஒசத்தல. அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. "சரிப்பா"ன்னாங்க.

எங்கம்மா என்ன "டா"தான் போடுவாங்க. 'ப்பா' வந்தா அன்னைக்கு ஏதோ தைச்சிருக்குன்னு அர்த்தம். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் கீரைக்கட்ட எடுத்துக் குடுத்துட்டு லேப்டாப்பத் தொறந்துட்டேன்.

சென்டர்ல, நேரம் முடிய ஒரு இருபது நிமிசம் இருக்கும்போது, சின்னவன் ஸ்பான்ஜு படிக்கட்டு மேல இருந்து கையக் கால விரிச்சுப் பாஞ்சு, கணக்குத் தப்பி, முகம் குப்புற மெத்தையில விழுந்தான். அடி எதுவும் இல்ல, திடுக்குன்னு ஆயிடுச்சு. எந்திரிச்சு உக்காந்து கீழ் உதடு பிதுங்க ஆரம்பிச்சுது. அம்மா பெஞ்சுல இருந்து எந்திரிச்சு, அந்த சாக்ஸோட, முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு வேகமா போய் மண்டி போட்டு உக்காந்து, நான் சொன்னதெல்லாம் மறந்துட்டு ஓங்கி ஒரு அடி அடிச்சாங்க மெத்தைய. "எங்க ராசாவ அடிச்சியா?"

பொத்.

அவ்வளவுதான் சத்தம். கை உள்ள அமுங்கி, மெதுவா மேல வந்துச்சு. சின்னவன் அழப்போனவன் நிறுத்திட்டான். மெத்தையப் பாத்தான், பாட்டி கையப் பாத்தான், தானும் ஒரு வெரலால அமுக்கிப் பாத்தான். "பாட்டி, அதுக்கு வலிக்காது. சாஃப்ட்டு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. பக்கத்துல இருந்த பணிப்பெண் ஒருத்தங்களுக்கு மொழி புரியாமலே சிரிப்பு வந்துருச்சு. நானும் சிரிச்சேன், ஆனா அதோட நிறுத்தாம, "பாத்தியாம்மா, அவனே சொல்றான்"னேன். அம்மா சிரிப்ப அப்படியே வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போய் பெஞ்சுல உக்காந்துட்டாங்க.

புளோக்குக்குக் கீழ

திரும்பி வரும்போது மழை விட்டிருந்துச்சு. பஸ்ஸுல இருந்து எறங்கி எங்க புளோக்குக்கு வர்ற வழியில, லெட்டர் பாக்ஸ் வரிசைக்கு முன்னாடி ரெண்டு படி இருக்கு, சிமெண்டுப் படி. என் ஒரு கையில குடை, இன்னொரு கையில சாக்ஸ் பை, தண்ணி பாட்டில். சின்னவன் முன்னாடி ஓடுறான். ரெண்டு மணி நேரமா அவன் ஒடம்பு ஒரு பாடத்தப் படிச்சு வச்சிருக்கு, எங்க இருந்து பாஞ்சாலும் தரை வாங்கிக்கும்னு. மேல் படியில இருந்து அதே மாதிரி, கையக் கால விரிச்சு, பறக்குற மாதிரி பாஞ்சான். நான் "பாத்து"ன்னு வாயத் தொறக்குறதுக்குள்ள அவன் ஈர சிமெண்டுல கெடக்குறான்.

பிள்ளை நெசமாவே அடிபட்டா ஒடனே அழாது. அதுக்கு முன்னாடி ஒரு அமைதி வரும், மூச்ச உள்ள இழுத்துக்கிட்டு. அந்த அமைதியில அம்மாதான் அவன்கிட்டப் போய்ச் சேந்தாங்க. முட்டி போட்டு உக்காந்தாங்க. வலது கை தோள் ஒசரத்துக்கு மேல போச்சு. அங்கயே நின்னுச்சு.

என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

கோவமா இருந்திருந்தா பரவால்ல. அனுமதி கேக்குற பார்வை அது. ஸ்கூல்ல பிள்ளைங்க டீச்சரப் பாக்குமே, அப்படி. நான் ஒண்ணும் சொல்லல. அடின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல, குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சின்னவன் கண்ணு பூரா பாட்டி கை மேலதான் இருந்துச்சு, எப்ப எறங்கும்னு காத்துக்கிட்டு இருக்கான். அம்மா கைய மெதுவா எறக்கி அவன் முதுகுல வச்சாங்க. அப்பதான் அழ ஆரம்பிச்சான். முட்டி தேஞ்சு ரத்தம், தாடையில ஒரு செராய்ப்பு, அதுக்கு அவ்வளவு அழுகை வராது. லிஃப்டுல 11வது மாடி வரைக்கும், வீட்டுக்குள்ள வந்து, மருந்து போட்டு, பால் குடிச்சு, தூங்கப் போற வரைக்கும் விட்டு விட்டு அழுதான். தூங்கப் போறப்ப பாட்டிகிட்டக் கேட்டான், தரைய ஏன் அடிக்கலன்னு. "உங்கப்பா வேணாம்னு சொல்லியிருக்காருல்ல"ன்னாங்க அம்மா. குத்திக்காட்டவெல்லாம் இல்ல, ரோட்டுல எந்தப் பக்கம் போகணும்னு சொல்ற மாதிரி சாதாரணமாத்தான் சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எங்க ஊர்த் திண்ணை ஞாபகம் வந்துச்சு. நான் அதுல இருந்து விழாத வாரம் கிடையாது. அம்மா வந்து திண்ணைய அடிப்பாங்க, நான் எத்தன அடின்னு எண்ணுவேன், பத்து வர்றதுக்குள்ள வலி போயிருக்கும். அடிச்சு முடிச்சு அவங்க உள்ளங்கைய ஒதறுவாங்க, செவந்து போயிருக்கும். திண்ணைக்கு வலிச்சிருக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்னு நெனைக்கிறேன். அம்மா கைக்கு வலிச்சிருக்கும்னும் தெரியும். மெத்தைய அடிச்சப்ப சின்னவன் சொன்னானே, அதுக்கு வலிக்காதுன்னு, அவன் தரையப் பத்தி மட்டும்தான் சொன்னான்னு நான் நெனைச்சுக்கிட்டேன். அந்த மெத்தையில பாட்டி கைக்கும் வலிக்காதுல்ல.

மறுநாள் மனைவிகிட்ட, எங்கம்மா எனக்காக அத்தன தடவ தரைய அடிச்சாங்களே, நான் என்ன அடுத்தவங்க மேல பழி போடுற ஆளாவா ஆயிட்டேன்னு கேட்டேன். "இல்லன்னு யாரு சொன்னா?"ன்னா. அத விடுங்க.

அந்த சென்டர் மேல இருந்த எரிச்சல் எனக்குப் போயிடுச்சான்னா போகல, முழுசா இருக்கான்னா இல்ல. மெத்தையில பழகுன பிள்ளை சிமெண்டுலயும் பாயும்னு கண்ணால பாத்துட்டேன். அதே மெத்தையாலதான் பெரியவ மூணாவது அடுக்கு வரைக்கும் ஏறுனான்னும் பாத்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு தடவ போயிட்டும் வந்துட்டோம், சாக்ஸ மறக்காம எடுத்துட்டுப் போனோம்னு வேணா பெருமையா சொல்லிக்கலாம். மழை இல்லாத அன்னைக்கு அட்மிரால்டி பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்க 26 சறுக்கு இருக்கு, காசு கிடையாது, ஆனா என் வாய் மறுபடியும் "பாத்து பாத்து"ன்னு ஆரம்பிச்சுடுது.

அம்மா ஜனவரி மொத வாரம் திருச்சி ஃப்ளைட்டுல கெளம்புனாங்க. பெட்டி கட்டும்போது அந்த சாக்ஸ எடுத்து மடிச்சு உள்ள வச்சாங்க. ரெண்டுலயும் மெட்டி இருந்த எடத்துல ஓட்டை விழுந்திருந்துச்சு. எதுக்கும்மான்னு கேட்டேன். "மூணு வெள்ளி குடுத்து வாங்குனது. வெடியக்காலைல அடுப்படித் தரை சில்லுன்னு இருக்கும், போட்டுக்குறேன்." நான் அந்தத் தரை விஷயத்தப் பத்தி ஏதாச்சும் சொல்லணும்னு ஏர்போர்ட் வரைக்கும் நெனைச்சேன். சாங்கிக்குப் போற டாக்ஸியில வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் டிக்கெட்டு, பாஸ்போர்ட்டு, தைலம் எடுத்தியா, திருச்சில எறங்குனதும் போன் பண்ணுன்னு பேச்சு வேற எங்கயோ போயிடுச்சு.

போன வாரம் வீடியோ கால்ல அம்மாகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். சின்னவன் சோபா மேல இருந்து எறங்குறேன்னு கால் தடுக்கி தரையில முட்டிய இடிச்சுக்கிட்டான். ஒரு மூச்சு உள்ள இழுத்தான். அப்புறம் நொண்டிக்கிட்டே வந்து என் கையில இருந்த போனப் புடுங்கி, திருப்பி, இடிச்ச எடத்துக்கு நேரா தரையில காட்டுனான்.

"பாட்டி, இதுதான். அடி."

போன்ல அம்மா ஒரு நிமிசம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "உங்கப்பாகிட்டக் கேளு, அடிக்கலாமான்னு"ன்னாங்க. அவன் என்னப் பாத்தான். நான், "நல்லா அடிம்மா"ன்னேன்.

"சரிடா."

போன் தரையப் பாத்து இருந்ததால எனக்கு அவங்க மொகம் தெரியல. அங்க திண்ணையில சப்பு சப்புன்னு நாலஞ்சு அடி விழுந்த சத்தம் மட்டும், நெட்டு கொஞ்சம் மக்கர் பண்ணி விட்டு விட்டு வந்துச்சு. சின்னவன் வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு இருந்தான். எண்ணி முடிச்சுட்டு போன என் கையில குடுத்துட்டு மறுபடி சோபா மேல ஏறப் போயிட்டான்.